முறையைத் தள்ளி வைத்த சின்னையன்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் சின்னையனைப் பற்றி விசாரித்தால், நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்குவார்கள். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டார். அடுத்தவர் வரப்பை விரல்கடைகூட நகர்த்தமாட்டார். ஆனால் எதிலும் முந்தமாட்டார். பேச்சு வார்த்தை என்றால் இரண்டு தரப்பும் கத்தி ஓயட்டும் என்று ஓரமாக நிற்பார். எல்லாருக்கும் தொண்டை கட்டிய பிறகு ஒரு வார்த்தை சொல்வார், அதில் காரியம் முடிந்துவிடும். பெண் பார்க்கப் போனபோதுகூடக் கொடுத்த சாயாவை ஆறவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். மருதாத்தாள் வீட்டார்தான் பொறுக்கமாட்டாமல் தாங்களே சம்மதம் என்று சொல்லித் தொலைத்தார்கள்.

இந்தக் குணத்துக்கென்றே செய்து வைத்தமாதிரி ஒரு விளையாட்டு அவருக்கு வாய்த்தது. வாய்க்காமல் போயிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குப்பண்ணன் என்று ஒரு தையல்காரர். கோயமுத்தூரில் பட்டாளத்து உடுப்புத் தைக்கிற இடத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, துணி வெட்டும் பெரிய மேஜையைத் துடைத்து, அதன்மேல் சாக்குக்கட்டியால் ஒரு மலையும் ஓர் ஆறும் ஒரு கோட்டையும் வரைவார். பித்தான்கள்தான் ஆட்கள். ஆளுக்கொரு பித்தான், அதற்கு ஒரு பேர், ஒரு குணம், ஒரு கதை. எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை அளவு டேப் சொல்லும். அடி விழுந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். கதையை நடத்துகிறவர் குப்பண்ணன். கொள்ளைக்காரரும் கோட்டைக் காவலரும் அவர் கையில். எதிரே உட்கார்ந்தவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்லவேண்டும், பிறகு கட்டையை உருட்டவேண்டும். குப்பண்ணன் படை என்று ஊரில் அதற்குப் பேர். பெண்டுகள் அதைச் சொல்லும் தொனி வேறு மாதிரி இருக்கும்.

சண்டைச் சட்டத்தைக் குப்பண்ணன் வெளியூரில் தேடவில்லை. ஊர் வாய்க்காலிலிருந்தே எடுத்துக்கொண்டார். அணைத் தண்ணீர் திறந்தால் தலைமடையிலிருந்து கடைமடைவரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். எல்லார் வயலுக்கும் பாய்ந்தால் ஒரு சுற்று. தன் முறை வரும்போது வீட்டில் சாவு விழுந்திருந்தால், அதைத் தள்ளி வைத்து அந்தச் சுற்றின் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. எழவு வீட்டு வாசலில் நின்று காரணம் கேட்கும் கேவலம் வேண்டாம் என்று வைத்த ஏற்பாடு அது. அநியாயம் நடப்பதாகப் பட்டால் மடையில் மண்வெட்டியைக் குறுக்கே போட்டுத் தண்ணீரை மறிக்கலாம். எல்லாரும் கூடிப் பேசித் தீர்க்கும்வரை அந்த மண்வெட்டியை யாரும் தொடக்கூடாது. ஆனால் ஒரு தண்ணீர்க் காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு மறிப்புத்தான். இல்லாவிட்டால் தினமும் பஞ்சாயத்துத்தான் நடக்கும், வெள்ளாமை நடக்காது. மறிப்பைச் செலவழித்துவிட்டவன் அதன்பிறகு அடுத்தவன் மடையில் நின்று வாய் திறந்தால் மானக்கேடு.

மேஜையிலும் இதேதான். கட்டை உருட்டி யார் முதல், யார் அடுத்தது என்று வைப்பார்கள்; சண்டை முடியும்வரை வரிசை மாறாது. தன் முறையைச் சுற்றின் கடைசிக்குத் தள்ளி வைக்கலாம். மண்வெட்டிக்குப் பதில் ஆளுக்கொரு தீக்குச்சி. எதிராளி பக்கத்தில் ஓடும்போது குச்சியைக் குறுக்கே வைத்தால், முறை இல்லாமலே அவனை ஓர் அடி அடிக்கலாம். கூட்டாளிமேல் விழுகிற அடிக்குக் குறுக்கே வைத்தால், அந்த அடியை நம் ஆள் வாங்கிக்கொள்வான். வைத்த குச்சி, தன் முறை திரும்ப வரும்போதுதான் கைக்கு வரும்.

சின்னையனின் தங்கை மயிலாத்தாளைக் கட்டியவர் சென்னிமலை. வாய்க்காலில் தலைமடை சின்னையனுடையது, அடுத்த மடை சென்னிமலையுடையது. இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே வரப்பு. சென்னிமலை சிரித்தால் பக்கத்துத் தோப்பில் கிளி பறக்கும். எதையும் யோசித்துச் செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மேஜையில் அவருடைய ஆள் ஒரு கறுத்த கோட்டுப் பித்தான். காளிங்கன் என்ற மல்லன். சின்னையனுடையது சின்னஞ்சிறு வெள்ளைச் சட்டைப் பித்தான். வேலப்பன் என்ற ஈட்டிக்காரன்.

கொஞ்ச நாளிலேயே சின்னையன் சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். தனக்கு முதல் முறை விழுந்தால் எடுக்கமாட்டார், தள்ளி வைப்பார். கொள்ளைக்காரர்கள் தங்கள் முறையை ஆடி முடிப்பார்கள், கையில் ஆளுக்கொரு குச்சியோடு காத்திருப்பார்கள். அப்புறம் சென்னிமலையின் முறை.

"நான் முன்ன போறனுங்க மச்சான். அடி பூராத்தையும் காளிங்கன் வாங்கிக்குவான். நீங்க பொறகால வந்து முடிச்சுப்போடுங்க" என்பார் சென்னிமலை.

காளிங்கன் எதிரிகள் நடுவே தலைதெறிக்க ஓடுவான். குப்பண்ணனுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு கொள்ளைக்காரனாகக் குச்சியை வைப்பான், காளிங்கன் ஒவ்வோர் அடியாக வாங்குவான். குச்சி எல்லாம் தீர்ந்தபிறகு, சுற்றின் கடைசியில் வேலப்பன் எழுந்து குத்துவான். உடனே அடுத்த சுற்று. அதில் முதல் முறையும் வேலப்பனுக்கே. நடுவில் மூச்சுவிட ஒருவருக்கும் இடமில்லாமல் இரண்டு குத்து. மறிக்க எதிராளி கையில் குச்சியும் இல்லை. பித்தளைப் பித்தானாக இருந்த கொள்ளைத் தலைவன் மேஜையிலிருந்து கீழே போவான்.

அப்படி ஜெயித்த ஒரு நாள் காளிங்கன் குற்றுயிராகக் கிடந்தான். சென்னிமலை அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து எல்லாருக்கும் சாயா சொன்னார். குப்பண்ணன் மட்டும் முகம் சுளித்தார்.

"சட்டத்துல எடமிருக்குதுங்க, இல்லீன்னு சொல்லலை. ஆனா அது எழவு ஊட்டுக்குன்னு வெச்ச எடமுங்க" என்றார்.

சின்னையன் பித்தான்களைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டார். அவருக்கு அந்தச் சுகம் பிடித்திருந்தது. ஒரு தப்பும் செய்யாமல், யாரையும் மிரட்டாமல், சட்டத்துக்குள்ளேயே நின்று எல்லாரையும் தாண்டிப் போகிற சுகம். இத்தனை நாள் ஆட்டத்தில் காளிங்கனுக்காக அவர் ஒரு தடவைகூடத் தன் குச்சியைக் குறுக்கே வைத்ததில்லை. சென்னிமலையும் அதைக் கேட்டதில்லை. இவர் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அவர் முன்னால் ஓடினார் என்பது சின்னையனுக்கு அப்போது உறைக்கவில்லை.

எழுபத்தாறில் மழை ஏமாற்றியது. இரண்டாம் போக நெல்லுக்கு அணையைத் திறந்தார்கள் என்றாலும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. எப்போது அடைப்பார்களோ என்று எல்லாரும் அணைப் பக்கமே காதை வைத்திருந்தார்கள். கணவாய்க் காற்று வேறு பகல் முழுக்க வீசி, பாய்ச்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போனது. சென்னிமலை அந்தப் போகத்தை நம்பித்தான் மற்ற காட்டைத் தரிசாகப் போட்டிருந்தார். அது வீட்டுக்கு வராவிட்டால் ஊரில் இருக்க வழியில்லை. சின்னையனுக்கும் இது தெரியும்.

தண்ணீர் வந்த புதிதிலேயே, மேலே இருந்த தோட்டத்துக்காரர் வாய்க்கால் கரையில் குழி தோண்டி இன்ஜின் வைத்து இறைத்தார். தலைமடைக்காரர் என்ற முறையில் சின்னையன்தான் மறித்திருக்கவேண்டும். அவர் மாப்பிள்ளை சென்னிமலையைக் கூப்பிட்டார். தான் போனால் பழைய பகை என்பார்கள், நீங்கள் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று பக்குவமாகச் சொன்னார். சென்னிமலை முழுசாகக்கூடக் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் முன்ன போறனுங்க" என்று கிளம்பிவிட்டார். ஊர் கூடியது, தோட்டத்துக்காரர் இன்ஜினைத் தூக்கினார், எல்லாருக்கும் நல்லதாயிற்று. சென்னிமலையின் மறிப்பு மட்டும் செலவாகிவிட்டது. சின்னையனுடையது பத்திரமாக இருந்தது.

அந்தச் சுற்றில் சின்னையன் தன் முறையைத் தள்ளி வைத்தார். வீட்டில் சாவும் இல்லை, கேடும் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்கவில்லை. அதனால் சென்னிமலைக்கு முதல் தண்ணீர் சீக்கிரமே வந்து சீக்கிரமே போய்விட்டது. பிறகு கீழ்மடைகள் எல்லாம் பாய்ந்து, சுற்றின் கடைசியில் சின்னையன் மடையைத் திறந்தார். வயல் நிரம்பியது. மறுநாளே அடுத்த சுற்று. முதல் முறை தலைமடைக்கு. நிரம்பிய வயலிலேயே அவர் திரும்பவும் தண்ணீரைக் கட்டினார். வரப்பு நனைந்து வழிந்தது. பக்கத்தில் சென்னிமலையின் பயிர் பால் பிடிக்கிற சமயம். நிலம் வெடித்து, கதிர் தலை தூக்க முடியாமல் நின்றது.

அன்று காலையில்தான், அணையை அடைக்கப்போகிறார்கள் என்று பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். சின்னையன் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார். அரசாங்கத்துப் பேச்சு, இன்னும் நாலு நாள் ஓடும் என்று நினைத்துக்கொண்டார். தன் முறை முடியட்டும், அடுத்தது மாப்பிள்ளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டார். ஆடி ஆடிப் பழகிய அந்த இரட்டைக் குத்து நிஜ மண்ணில் இவ்வளவு சுத்தமாக விழுந்ததில் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

வெயில் ஏறியபோது சென்னிமலை வரப்பில் வந்து நின்றார். தோளில் மண்வெட்டி இருந்தது. கீழ்மடைக்காரர்கள் இரண்டு பேர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவரிடம் மறிப்பு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நிரம்பிய வயலையும் தன் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டால் மடையைத் திருப்பிவிடலாம் என்று சின்னையன் காத்துக்கொண்டு நின்றார். கேட்பது அவருடைய முறை என்று நினைத்தார்.

சென்னிமலை சிரித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"நல்லா ஆடுனீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

சின்னையனின் முறை முடிவதற்குள்ளேயே வாய்க்காலில் தண்ணீர் இறங்கிவிட்டது. அணையை அடைத்துவிட்டார்கள். சென்னிமலை அறுத்தது வைக்கோல்தான். கதிரைக் கசக்கினால் பதராகப் பறந்தது.

அதன்பிறகும் காலம் இருந்தது. சின்னையன் வீட்டில் நெல் நிறைய இருந்தது. பாதியைத் தூக்கிக் கொண்டுபோய்த் தங்கை வீட்டில் கொட்டியிருக்கலாம். அவருக்கும் மனசு அதைத்தான் சொன்னது. ஆனால் மாப்பிள்ளை வந்து முகம் கொடுத்துப் பேசட்டும், அப்புறம் செய்யலாம் என்றிருந்தார். மருதாத்தாள் சோறு போடும்போதெல்லாம் கேட்டாள், நீங்களே ஒரு எட்டுப் போய்ச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று. அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

வைகாசியில் சென்னிமலை மலைக்குக் கிளம்பினார். சின்னக்கானலில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியோடு போவதாகப் பேச்சு. மயிலாத்தாள் மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருப்பாள். போகிற அன்று தையல்கடையில் நுழைந்து, காளிங்கனை எடுத்து வையுங்கள், வந்து ஆடுகிறேன் என்று குப்பண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். பொள்ளாச்சி பஸ் வருகிற இடத்தில், பனைமர ஓரமாகச் சின்னையன் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தால் கிட்டே போகலாம் என்று நின்றார். சென்னிமலை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பஸ் போய்விட்டது.

ஆடி மழையில், சென்னிமலை இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. மூணாறு ரோடு மண் சரிந்து அடைபட்டுக் கிடந்ததால், சடங்கெல்லாம் அங்கேயே முடித்துவிட்டார்கள். வழி திறந்தபிறகு, எஸ்டேட் வரிசை வீடுகளில், அதே லயத்தில் குடியிருந்த சின்னத்தாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவள் புருஷனும் சென்னிமலையின் பெட்டியையும் கம்பளியையும் கொண்டுவந்து மயிலாத்தாளிடம் கொடுத்தார்கள். சின்னையன் திண்ணைத் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே ஓடை அடைத்துக்கொண்டு, வெள்ளம் வரிசை வீடுகள் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு ஓடினார்கள், ஆனால் சரிவு நெகிழ்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"அண்ணாச்சிதான் நிக்கல" என்றாள் சின்னத்தாயி. "நான் முன்ன போறேன், நீங்க பொறகால வாங்கன்னுட்டு அவர் பாட்டுக்கு ஏறிட்டாரு. ஓடையத் தொறந்தும் விட்டுட்டாரு. தண்ணி அந்தப் பக்கம் திரும்பிருச்சு. எங்க பிள்ளைக பொழச்சதே அதாலதான். பெறகுதான் மேல இருந்து மண்ணு வந்துச்சு."

தண்ணீர் இல்லாமல் ஊரைவிட்டுப் போனவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. யாரும் அப்போது இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மயிலாத்தாள் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் கிட்டே போய் நின்றபோது அழுகையை நிறுத்திக்கொண்டாள். அவர் நகர்ந்த பிறகு மறுபடி அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னையன் தையல்கடைக்குப் போனார். குப்பண்ணன் அன்று மேஜையைத் துடைத்திருக்கவில்லை. சின்னையன் தாமாகவே தகர டப்பாவைத் திறந்து காளிங்கனைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தார். சுற்றிலும் கொள்ளைக்காரர்களை வைத்தார். பிறகு ஒரு தீக்குச்சியை எடுத்து அந்தக் கறுத்த பித்தானுக்கு முன்னால் குறுக்கே வைத்து, இந்த அடியை வேலப்பன் வாங்கிக்கொள்கிறான், நீங்கள் உருட்டுங்கள் என்றார். குப்பண்ணன் தாயக்கட்டையைத் தொடவில்லை. எழுந்து அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சின்னையன் அதைக் குடிக்கமாட்டாமல் அந்த மேஜைமேலேயே தலையைக் கவிழ்த்து அழுதார். அதோடு குப்பண்ணன் படை நின்றது.

அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. இரண்டாம் போகத்துக்கு அணை திறந்தபோது வாய்க்கால் நிறைய வந்தது. மயிலாத்தாள் ஆள் வைத்து நட்டிருந்தாள். முதல் முறை சின்னையனுக்கு. இந்தத் தடவை அவர் காத்திருக்கவில்லை. பொழுது கிளம்புவதற்கு முன்பே போய், தன் மடையை மண் வைத்து அடைத்தார். தங்கையின் மடையைத் தாமே வெட்டித் திறந்துவிட்டார். தன் தண்ணீர் முழுவதும் அவள் வயலுக்குள் ஓடுவதை வரப்பில் நின்று பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், எதற்கும் காத்திராமல் அவர் செய்த காரியம் அது. அவள் வந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்லவேண்டாம், பார்த்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

மயிலாத்தாள் வந்தாள். தோளில் சென்னிமலையின் மண்வெட்டி இருந்தது. மடைக்கு வந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை இறக்கி, மடையில் குறுக்கே போட்டாள்.

தண்ணீர் தேங்கி நின்றது. மறிப்பு விழுந்தால் கூடவேண்டும் என்பது வழக்கம்; கீழ்மடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சொந்த அண்ணன் கொடுக்கிற தண்ணீரைத் தங்கை மறிப்பதை அவர்கள் எங்கும் கண்டதில்லை. கடைமடைப் பெரியவர், இருக்கிற ஒரே மறிப்பை இதற்கா செலவழிக்கிறாய் அம்முணி, என்ன அநியாயம் நடந்தது என்று தன்மையாகக் கேட்டார்.

"இது என்ற மொறைத் தண்ணி இல்லீங்க" என்றாள் மயிலாத்தாள். "மொறை தப்பி வார தண்ணி எங்களுக்கு வேண்டாமுங்க. என்ற மொறை வந்தாலும் நான் இப்ப எடுக்கலீங்க. எங்கூட்டுல எழவு விழுந்திருக்குது, வருசம் திரும்பலை. கடைசிக்குத் தள்ளி வெக்கறனுங்க. ஏன்னு ஆரும் கேக்கக் கூடாதுங்க."

பெரியவர் தலையை ஆட்டினார். சட்டம் அவள் பக்கம் இருந்தது. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

சின்னையனுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஏன் அம்முணி என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அவள் திட்டினாலும் காறித் துப்பினாலும் பரவாயில்லை என்றிருந்தது. தள்ளி வைத்தவரைக் காரணம் கேட்கக்கூடாது. அது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வாய்க்காலில் யாரும் இல்லை. குறுக்கே கிடந்த மண்வெட்டியை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு நடந்து, தன் மடையைத் திறக்கப் போனார்.